அம்மாவின் சுகர் பொடி: காலை 11.30 மணிக்கு வரும் நடுக்கம்

கேள்வி: திருமங்கலம் மகள்

அம்மாவுக்கு 61 வயது, எடை 58 கிலோ. 11 வருஷமாக சுகர். காலையும் இரவும் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரை. தைராய்டுக்கு தைராக்ஸின் 50 மைக்ரோகிராம், காலை 6 மணிக்கு. இரண்டு மாதம் முன்பு எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) 8.1, கிரியேட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) 1.3.

ஐந்து வாரமாக நாட்டு மருந்துக் கடையில் அரைத்துக் கொடுத்த பொடி சாப்பிடுகிறார். ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான், வெந்தயம், கருஞ்சீரகம் இருக்கிறது என்றார்கள். இன்னும் சில சரக்கு உண்டாம், பெயர் சொல்லவில்லை. தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே 2 டீஸ்பூன் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். 8.30க்கு சுகர் மாத்திரை, உடனே 3 இட்லி. மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு.

வெறும் வயிற்று சுகர் 160ல் இருந்து 118க்கு வந்துவிட்டது. ஆனால் வாரத்தில் மூன்று நாலு நாள், 11.30 வாக்கில் கை நடுங்கி, வியர்த்து, கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது. அந்த நேரம் மீட்டரில் பார்த்ததில் ஒரு நாள் 58, ஒரு நாள் 64. கருப்பட்டித் துண்டு கொடுத்தால் தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

பொடி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் மாத்திரையைப் பாதியாக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா பட்டைப் பொடியும் சேர்க்கச் சொல்கிறார். "மூன்றே நாளில் சுகர் இறங்கும், இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று போனில் ஒரு கேப்ஸ்யூல் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. அதை வாங்கலாமா?

பதில் 1: செல்லூர் மருந்தாளுநர்

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 58 சாதாரணமாக விடக்கூடிய எண் இல்லை. பொடியை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாகப் பாதியாக்க வேண்டாம். ஆனால் அந்த 58, 64 இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதிக்கொண்டு நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். நாளைக் காலை மாத்திரைக்கு முன் மீட்டர் 100க்குக் கீழே காட்டினால், போடுவதற்கு முன்னாலேயே மருத்துவருக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

இப்போது காரணத்துக்கு வருவோம். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டும் மாத்திரை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அது நிற்காது. போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். 8.30 மணியில் இருந்து எண்ணிப் பாருங்கள், சரியாக 11.30. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இப்படித் தாழ்வது அபூர்வம். ஆகவே நடுக்கத்துக்கு முதல் ஆள் கிளிமிபிரைடு. பொடி அதற்குத் துணை போயிருக்கலாம்.

"போயிருக்கலாம்" என்று நான் நிறுத்துவதற்குக் காரணம் அந்தக் கிரியேட்டினின். லேப் தாளில் 1.3 என்பது பெரிய எண்ணாகத் தெரியாது, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் 61 வயதுப் பெண்ணுக்கு 1.3 என்றால் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) கணக்கில் சுமார் 47 வரும். சிறுநீரகம் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிளிமிபிரைடு உடைந்து உண்டாகும் பொருளுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் வேலை கொஞ்சம் உண்டு. அது வெளியேற வேண்டியது சிறுநீரகம் வழியாக. வழி மந்தமானால் பழைய அளவு மாத்திரையே கூடுதல் அளவாக மாறிவிடும். பொடி சாப்பிட ஆரம்பித்த அதே சமயத்தில் இதுவும் நடந்திருந்தால், பாராட்டு பொடிக்குப் போய்விடும், சிறுநீரகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே இறங்கினால் மெட்ஃபார்மின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும். 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும்.

அடுத்தது தைராய்டு மாத்திரை. தைராக்ஸின் வெறும் தண்ணீரோடு மட்டும் உள்ளே போக வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பு நார் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போவது குறையும். ஐந்து வாரமாக இரண்டையும் சேர்த்துக் குடித்திருக்கிறார். அதனால் டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் பார்த்துவிடுங்கள். பொடியை நிறுத்தி ஆறு வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான எண் தெரியும். எந்த நார்ப்பொடியாக இருந்தாலும், இசப்கோல் உட்பட, தைராக்ஸினுக்கு நாலு மணி நேரம் தள்ளி. மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரமாவது தள்ளி.

கேப்ஸ்யூல் வேண்டாம். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை மீறியே விற்கிறவர் உள்ளே என்ன போட்டிருக்கிறார் என்பதை நேர்மையாக எழுதுவார் என்று எப்படி நம்புவது? மூலிகை என்று விற்ற கேப்ஸ்யூல்களில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரை மருந்தே கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. இலை, வேர், கொட்டை எதுவும் மூன்று நாளில் சர்க்கரையைத் தடாலடியாக இறக்காது. அப்படி இறக்கினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கிளிமிபிரைடு போடுகிற அம்மா, அதே இனத்து மருந்து ஒளிந்திருக்கும் கேப்ஸ்யூலையும் விழுங்கினால் நடுக்கத்தோடு நிற்காது.

எதை வாங்கினாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், சரக்குகளின் பட்டியல், தேதி இருக்க வேண்டும். உணவுத் துணைப்பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்கும். அந்த வாசகத்தை ஒரு பக்கம் அச்சடித்துவிட்டு மறுபக்கம் "சுகரை விரட்டும்" என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஒரு மருந்தால் உபாதை வந்ததாகச் சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

பதில் 2: சித்த மருத்துவர், பாளை

மருந்தாளுநர் சொன்னதை வழிமொழிகிறேன். சித்த மருத்துவத்தின் பக்கம் நின்று சிலவற்றைச் சேர்க்கிறேன். உங்கள் அம்மா சாப்பிடும் பொடியை யாராவது சித்த மருந்து என்று சொன்னால் ஏற்காதீர்கள். சித்தத்தில் நீரிழிவுக்குச் சொன்ன மருந்துகளில் முக்கியமானது ஆவாரைக் குடிநீர். அதில் ஏழு சரக்கு: ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை. வெந்தயமும் கருஞ்சீரகமும் அந்தப் பாடத்தில் இல்லை. பெயர் சொல்லாத சரக்குக்கு எந்தப் பாடத்திலும் இடம் இல்லை.

செய்முறையே வேறு. குடிநீர்ச் சரக்கை மாவாக அரைக்கக் கூடாது. ரவை மாதிரி ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். 5 முதல் 10 கிராம் எடுத்து 240 மில்லி தண்ணீரில் போட்டு, சிறுதீயில் 60 மில்லியாக வற்றும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, தெளிநீரை மட்டும் குடிப்பார்கள். சக்கை வெளியே போய்விடும். மாவாக அரைத்து வெந்நீரில் கலக்கிக் குடித்தால் சக்கையும், அதில் ஒட்டிய மண்ணும் பூஞ்சணமும் சேர்ந்தே வயிற்றுக்குள் போகிறது. மாவாக அரைத்துவிட்டால் எந்தச் சரக்கு, நல்லதா கெட்டதா என்று கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது.

காய்ச்சிய குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி மாலைக்கு வைப்பது தவறு. சூரணத்துக்கு, அதாவது பொடிக்கு, நூல்கள் சொல்லும் ஆயுள் மூன்று மாதம். அரைகிலோ அரைத்து டப்பாவில் வைத்து ஒரு வருஷம் சாப்பிடுகிறார்கள், மழைக்காலத்தில் கட்டி தட்டிப்போனதை உதிர்த்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். கட்டி தட்டிய பொடி ஈரம் ஏறிய பொடி. கொட்டிவிட வேண்டியதுதான்.

சரக்கின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் ஆவாரை தானாக முளைத்துக் கிடக்கிறது, பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதும் அதையும் வைத்துத்தான். ஆனால் நான்கு வழிச் சாலை ஓரத்தில் பறித்தால் லாரிப் புகையும் தூசியும் பூவோடு வரும். உள்காட்டில் பறித்து நிழலில் உலர்த்தினால் மஞ்சள் நிறம் மங்காமல் இருக்கும். வெயிலில் போட்டது பழுப்பேறி இருக்கும். நாவல்கொட்டையைப் பிளந்து பாருங்கள். உள்ளே கருப்போ வெள்ளைப் பூஞ்சணமோ படிந்திருந்தாலும், ஓட்டில் துளை இருந்தாலும் வேண்டாம். சிறுகுறிஞ்சானுக்கு நாக்கே சோதனைச்சாலை: ஒரு இலையை ஒரு நிமிஷம் மென்று துப்பிவிட்டு, ஒரு சிட்டிகைச் சீனியை நாக்கில் வையுங்கள். அசல் இலை என்றால் சீனி மணலைப் போல நெறநெறக்கும், இனிப்பே தெரியாது. அரை மணி நேரம்வரை அப்படித்தான் இருக்கும். இனித்தால் அது வேறு ஏதோ கொடி.

அந்த இலைக்கு ஓரளவு ஆய்வுப் பின்னணியும் உண்டு. 1990ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேருக்குச் சிறுகுறிஞ்சான் இலைச் சாற்றுச் சத்து தினம் 400 மி.கி. 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, சிலருக்கு மாத்திரை அளவும் குறைந்தது. ஆனால் 22 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அது மாத்திரையோடு சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தது. அளவிட்ட சத்தும் கடைப்பொடியும் ஒன்றல்ல. சிறுகுறிஞ்சான் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அடர் மஞ்சளாகச் சிறுநீர், பசியின்மை தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கடலழிஞ்சில் என்கிற பொன்குறண்டி, குடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் என்ற மாத்திரைக்கும் அதே வேலைதான். இரண்டும் சேர்ந்தால் வயிற்று உப்புசம், வாயு, பேதி. அம்மாவின் மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சிறுநீரகம் இந்த நிலையில் இருக்கும்போது நானாக இருந்தால் இவருக்கு எந்தக் கூட்டுப்பொடியும் தர மாட்டேன். குறிப்பாகப் பெயர் தெரியாத வேர். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. அது சிறுநீரகத்தை மீளாமல் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவழைக்கும். பாஷாணம், பற்பம், செந்தூரம் போன்ற தாது, உலோக மருந்து எதையும் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு பெற்ற மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொட வேண்டாம். முறையாகச் சுத்தி செய்யாதவற்றில் பாதரசமும் ஈயமும் அப்படியே இருக்கும். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனை சித்தா பிரிவுக்குப் போங்கள். ரத்த அறிக்கை, மாத்திரை அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற சொலவடை செடியின் பெருமையைச் சொல்கிறது. யாருக்கு, எவ்வளவு என்பதை நாடி பார்த்தும் ரிப்போர்ட் பார்த்தும்தான் சொல்ல முடியும்.

பதில் 3: அடுப்படிக் கணக்கு (உணவியலாளர்)

வெந்தயத்தைப் பற்றி. இந்தப் பட்டியலிலேயே எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்த பொருள் அதுதான். அதன் நார் வயிற்றில் கூழாகி, சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்து ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும். அப்படியென்றால் சாப்பாட்டோடு போனால்தானே பலன்? காலை 6 மணிக்குக் குடித்துவிட்டு 8.30க்கு இட்லி சாப்பிட்டால் பெரும்பகுதி வீண். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வுகளில் கொடுத்த அளவே தினம் 25 கிராமும் அதற்கு மேலும். ஒரு டீஸ்பூன் வெந்தயம் சுமார் 4 கிராம்தான். அவ்வளவு பெரிய அளவை நேரடியாக ஆரம்பித்தால் வயிறு ஊதிப் பேதியாகும். மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கும் மருந்து, இரண்டும் ஒன்றாகச் சேரும்.

அம்மாவின் மாத்திரை அளவு சீராகி, நடுக்கம் நின்று, மருத்துவரும் சரி என்றபிறகு வெந்தயம் வேண்டுமானால்: அரை டீஸ்பூனை இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு, சாப்பாட்டின் கூடவே மென்று சாப்பிடட்டும். ஒரு வாரம் கழித்து ஒரு டீஸ்பூன். சுகர் மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ள முடியாது, அது சாப்பாட்டோடு போக வேண்டியது. அதனால் காலையில் மாத்திரை இருக்கும்வரை வெந்தயத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றுவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

இட்லி மாவில் வெந்தயம் போடுகிறோமே என்பார்கள். ஒரு படி அரிசிக்கு ஒரு ஸ்பூன் போட்டு அறுபது இட்லி வார்த்தால் ஒரு இட்லிக்கு என்ன வரும்? மென்மைக்கும் மணத்துக்கும் சரி, சர்க்கரைக்கு ஒன்றும் செய்யாது. வெந்தயக்களியில் வெந்தயம் இருக்கிறது, கூடவே கருப்பட்டியும் பச்சரிசியும் இருக்கிறது. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். பருத்திப்பால் குடித்தால் சுகர் ஏறாது என்று ஒரு பேச்சு ஓடுகிறது, தள்ளுவண்டிக்காரர் அதில் இனிப்புக்கு எவ்வளவு போடுகிறார் என்று நின்று பாருங்கள்.

பாகற்காயைக் காயாகச் சாப்பிடுவதில் எந்தத் தடையும் இல்லை. மிதிபாகல் பொரியல், புளியும் வெல்லமும் அதிகம் போகாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள். வெறும் வயிற்றில் சாறு பிழிந்து குடிப்பது வேறு. வயிற்று வலி, வாந்தி வரும், கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை கீழே இழுக்கும். கர்ப்பிணிகளும், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணு எளிதில் உடையும் பிறவிக் குறை) உள்ளவர்களும் சாறு பக்கமே போகக் கூடாது.

பட்டைப் பொடி வேண்டாம் என்று அந்த அக்காவிடம் சொல்லிவிடுங்கள். பிரியாணிக்கு ஒரு துண்டு போடுவது வேறு, தினம் ஒரு ஸ்பூன் தின்பது வேறு. மளிகைக் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கேசியா பட்டை. தடிமனாக, ஒரே அடுக்காக, கையால் ஒடிக்க முடியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். இலங்கைப் பட்டை காகிதம் போல மெல்லிய பல அடுக்குகள் சுருண்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். கேசியாவில் கூமரின் அதிகம். அது கல்லீரலுக்கு ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வைத்த எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மி.கி. 58 கிலோ அம்மாவுக்கு நாளைக்கு 5.8 மி.கி. ஒரு ஸ்பூன் கேசியாப் பொடியே அதைத் தாண்டிவிடும். பொடியாக வாங்கினால் எந்தப் பட்டை என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. இவ்வளவு பண்ணியும் சர்க்கரையில் வரும் பலன் ஆய்வுகளில் நிலையாக இல்லை.

சாப்பாட்டில் ஒரு திருத்தம். 8.30க்கு மூன்று இட்லி, பிறகு ஒன்றரை வரை ஒன்றுமில்லை என்றால் ஐந்து மணி நேர இடைவெளி. இரண்டு இட்லி, கெட்டிப் பருப்புச் சாம்பார் ஒரு கப், பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த சுண்டல் என்று பிரித்துக் கொடுங்கள். சுகர்காரர்களுக்கென்று விற்கும் புரோட்டீன் பவுடர் வேண்டாம், சிறுநீரகத்துக்குப் புரதம் எவ்வளவு ஆகும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

திருமங்கலம் மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பொடியை நிறுத்தியாச்சு, நாளைக்கு மருத்துவரைப் பார்க்கிறோம். அம்மாவின் பழைய ரிப்போர்ட்டைத் தேடியதில் ஹீமோகுளோபின் 9.6 என்று இருக்கிறது. பாதம் எரிகிறது, மதமதப்பாக இருக்கிறது என்று ஒரு வருஷமாகச் சொல்கிறார். நாளை என்னென்ன டெஸ்ட் கேட்க வேண்டும்? மீட்டர் காட்டுவதை நம்பலாமா?

பதில் 4: ரத்தப் பரிசோதனைக்காரர்

ஹீமோகுளோபின் 9.6 என்றால் எச்பிஏ1சி 8.1ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகையில் அந்த எண் உள்ளதைவிட ஏறிக் காட்டும். ரத்தப்போக்கு இருந்தாலும், சிவப்பணு சீக்கிரம் அழிந்தாலும் இறங்கிக் காட்டும். உண்மையில் 7.5 இருக்கிறவருக்கு 8.1 என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினால் சுகர் இன்னும் தாழ்ந்துவிடலாம். இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் எச்பிஏ1சியை ஒதுக்கிவிட்டு மீட்டர் எண்களை வைத்தே முடிவெடுக்கலாம்.

கேட்க வேண்டியவை: ரத்த எண்ணிக்கை முழுதாக, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, கிரியேட்டினினோடு இஜிஎஃப்ஆர், பொட்டாசியம், கல்லீரல் என்சைம்கள், டிஎஸ்எச், காலை முதல் சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் (புரதம் கசிகிறதா என்று பார்ப்பது). சிறுநீரகக் குறைவு நிலையானதா என்று சொல்ல மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

பி12ஐ விட்டுவிடாதீர்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சுவது குறையும். பாத எரிச்சலும் மதமதப்பும் சுகரால் வந்தது என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள், சிலருக்கு அது பி12 குறைவாகவும் இருக்கும். சுகர்காரர்களுக்கு உண்மையில் தேவைப்படக்கூடிய சத்து மாத்திரை என்றால் அது இதுதான். குரோமியம், பட்டை, கேப்ஸ்யூல் என்று செலவழிக்கும் காசில் இந்த ஒரு டெஸ்ட்டை எடுக்கலாம். ரத்தம் கொடுத்த பிறகு மட்டும் பி12 மாத்திரையை ஆரம்பியுங்கள், முன்னாலேயே போட்டால் குறைவு மறைந்துவிடும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிட்டால் அதையும் லேபில் சொல்லுங்கள். தைராய்டு டெஸ்ட் எண்ணை அது மாற்றும்.

மீட்டரைப் பற்றி. தரமான மீட்டருக்கே 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்ட அனுமதி உண்டு. அதனால் 130 இருந்தது 118 ஆனது என்றால் அதைப் பொடியின் வெற்றி என்றோ தோல்வி என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. 160, 118 வித்தியாசம் உண்மையானது. ஸ்ட்ரிப் டப்பாவை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்கள். சித்திரை வெயிலில் நம்ம ஊர் ஓட்டு வீட்டுக்குள்ளேயே 35 தாண்டும். ஃப்ரிட்ஜுக்குள் வேண்டாம், உள்ளறையில் ஈரம் படாத குளுமையான இடத்தில் வையுங்கள், எடுத்ததும் மூடிவிடுங்கள். கை கழுவிக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். கருப்பட்டியைத் தொட்ட விரலில் குத்தினால் அந்த ஒட்டல்தான் எண்ணாக வரும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வெறும் வயிறு, காலை 11.15, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, இரவு படுக்கும் முன். ராத்திரி டோஸும் கிளிமிபிரைடு என்பதால் வாரத்தில் ஒரு நாளாவது அதிகாலை 3 மணிக்கும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாத்திரை, சாப்பாடு, பொடி மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால் அந்தப் பணியாளரிடமும் பொடி சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

திருமங்கலம் மகள்

இன்னொன்று. சித்த மருத்துவர் ஐயா சொன்னார் என்று மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினுக்குக் கீழே பொடி எழுத்தில் வோக்லிபோஸ் 0.2 மி.கி. என்று இருக்கிறது. மூன்றும் ஒரே மாத்திரை. இத்தனை நாளாகக் கவனிக்கவே இல்லை.

செல்லூர் மருந்தாளுநர்

நல்லவேளை பார்த்தீர்கள். கருப்பட்டி கொடுத்தும் தெளிய அரை மணி நேரம் ஆனதற்கு இதுதான் காரணமாக இருக்கும். கருப்பட்டி, சீனி, நாட்டுச்சர்க்கரை எல்லாம் பெரும்பாலும் சுக்ரோஸ். அதைக் குடலில் இரண்டாக உடைத்தால்தான் ரத்தத்துக்குப் போகும். வோக்லிபோஸ் தடுப்பது அந்த உடைப்பையே. இந்த மாத்திரை போடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் சீனித் தண்ணீர், மிட்டாய், பிஸ்கட் எதுவும் அவசரத்துக்கு உதவாது.

மருந்துக் கடையில் குளுக்கோஸ் பவுடர் வாங்கி வையுங்கள். பொருள் பட்டியலில் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது குளுக்கோஸ் மட்டும் இருக்க வேண்டும், சுக்ரோஸ் கலந்தது வேண்டாம். 15 கிராம், அதாவது குவித்த டீஸ்பூனில் மூன்று, அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிஷம் கழித்து மீட்டரில் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடி. 70ஐத் தாண்டிய பிறகு ஒரு இட்லியோ சுண்டலோ கொடுங்கள், கிளிமிபிரைடு பல மணி நேரம் இழுக்கும், மறுபடி இறங்கலாம். பவுடர் கையில் இல்லாத நேரத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் தேன், அதில் குளுக்கோஸ் உடைந்த நிலையிலேயே இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் ஒரு டம்ளர் பால்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். வந்தவர்களிடம் கிளிமிபிரைடு, வோக்லிபோஸ், கிரியேட்டினின் 1.3 மூன்றையும் சொல்லுங்கள்.

மூன்று பொட்டலமாக 15 கிராம் மடித்து, ஒன்று அம்மாவின் சுருக்குப்பையில், ஒன்று தலைமாட்டில், ஒன்று அடுப்படியில் வையுங்கள். இந்த அட்டையையும் நாளைக்கு மருத்துவரிடம் காட்டுங்கள்.